வேலூரில் பார்க்க என்ன இருக்கு? வடாற்காட்டு மலை, ஆறு, வானம் பற்றி ஒரு முழு வழிகாட்டி

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் "ரெண்டு நாள் சும்மாதான் இருக்கோம், சுத்திப் பார்க்க இங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டால் நம்ம ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், நேரம் கிடைத்தால் ஏலகிரி. கூடவே அந்தப் பழைய நக்கலையும் எடுத்து விடுவார்கள்: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார், ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை.

கோட்டையையும் கோயிலையும் விடுங்கள், அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி முதல் இரண்டைப் பற்றியது, அந்தத் தண்ணியில்லாத ஆறும் மரமில்லாத மலையும். வடாற்காடு என்று நான் சொல்வது பழைய கணக்கு. 1989ல் திருவண்ணாமலை தனியாகப் போனது, 2019ல் மீதி இருந்த வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மலையும் ஆறும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை என்பதால் நானும் பார்க்கவில்லை.

முதலில் ஊட்டியை மறந்துவிடுங்கள்

இதை ஒரு படியாகக் கூட எண்ணக் கூடாது, ஆனால் இது நடக்காமல் மற்றது எதுவும் நடக்காது. நம் மனசில் இயற்கை அழகு என்றால் பச்சைப்பசேல் என்று, பனி மூடி, அருவி கொட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்த அளவுகோலோடு வேலூர் சத்துவாச்சாரி மலையை நிமிர்ந்து பார்த்தால் பொட்டல் கல்தான் தெரியும். நம்முடையது வறண்ட நாட்டின் அழகு. தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும், பாறை மேல்தோல் இல்லாமல் அப்படியே தெரியும், மேகம் இல்லாத ராத்திரிகள் நிறைய கிடைக்கும். இது மூன்றும் ஊட்டியில் கிடைக்காது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் பஸ் டிக்கெட் செலவிலேயே வேலை முடியும்.

படி 1: இடத்துக்கு முன்னால் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம்மவர்கள் செய்வது நேர்மாறு. பள்ளிக்கூட லீவு மே மாதம் என்பதால் மே மாதம் ஜலகாம்பாறை அருவிக்குக் குடும்பத்தோடு போய், ஈரப் பாறையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம்" என்று திட்டிக்கொண்டே திரும்புவார்கள். அருவியைக் குறை சொல்லி என்ன செய்வது.

வேலூருக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். சென்னைக்காரர்களைப் போல ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி நாம் இல்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் பகல் முழுக்கச் சுட்டுவிட்டு, சாயங்காலம் மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் கருத்து, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் மழை இருக்கிறதே, வருஷ மழையில் பெரும்பங்கு அதுதான். ஆகவே மலைகள் பச்சையாவது ஆடிக்குப் பிறகு. அருவிகளில் நம்பித் தண்ணீர் பார்க்கலாம் என்றால் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. வானம் பார்க்க, அதிகாலை நடக்க, தை, மாசி. பங்குனி முதல் வைகாசி வரை வெயிலுக்குப் பேர் போன காலம், அப்போதும் பார்க்க வேண்டியது உண்டு: மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச் சிவக்கப் பூத்து நிற்கும் புரசு, சித்திரையில் மஞ்சளாகத் தொங்கும் சரக்கொன்றை. ஆனால் அந்த மாதங்களில் காட்டுக்குள் நுழையாதீர்கள், சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு போதும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் மாட்டியது நினைவிருக்கும்.

படி 2: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாறையிலிருந்து தொடங்குங்கள்

இதற்கு எங்கேயும் போக வேண்டாம். வேலூர், காட்பாடி, ஆம்பூர், வாலாஜா, சோளிங்கர், எங்கே இருந்தாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு குன்று இருக்கும். பெரும்பாலும் உச்சியில் ஒரு முருகர் கோயிலும் இருக்கும், படிக்கட்டும் இருக்கும். ஊருக்கு மேலேயே பாலமதி இருக்கிறது, பொன்னை பக்கம் வள்ளிமலை இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஏறத் தொடங்குங்கள். எட்டரைக்கு மேல் பாறை சூடேறிவிடும், நம்ம ஊர்ப் பாறை சூடேறினால் செருப்பைத் தாண்டியும் சுடும்.

ஏறும்போது சாமியை மட்டும் பார்க்காமல் காலடியையும் பாருங்கள். இந்த மாவட்டத்துப் பாறைகளில் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி வருஷம் பழசு. இமயமலை எல்லாம் இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளை, அதற்கு வயது ஐந்து கோடி வருஷம்தான். வரிவரியாக வெள்ளையும் கறுப்பும் ஓடினால் அது நைஸ் (gneiss) என்னும் பாறை. உடைத்த இடத்தில் எண்ணெய் தடவியது போலக் கருநீலமாக மின்னினால் அது அநேகமாகச் சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. நம்ம பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போன கல்தான் அது, அதனால்தான் அந்தப் பெயர். இந்த வகைப் பாறை உருவானது பூமிக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில். இன்று அது நம் காலுக்குக் கீழே வெயில் காய்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரும் மழையிலும் காற்றிலும் கரைந்து கடலுக்குப் போயாகிவிட்டது என்று அர்த்தம். மொட்டை மலை என்று சொல்கிறோமே, அது பெரிய மலைத்தொடர் ஒன்றின் அடிவயிறு.

அடுத்தது அந்த உருண்டைக் கற்கள். யாரோ கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி இருக்கும், எந்த நேரமும் உருண்டு விழுமோ என்று பயமாக இருக்கும். யாரும் அடுக்கவில்லை. முதலில் அது ஒரே பாறை. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக விரிசல் இருந்தது, மண்ணுக்கு அடியில் இருந்தபோதே அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பாறையைத் தின்றது. சதுரக் கட்டிக்கு மூலைகளில்தான் மூன்று பக்கமும் தாக்குதல், அதனால் மூலைகள் முதலில் கரைந்து உருண்டையானது. பிறகு சுற்றியிருந்த மண் அரித்துப் போனதும் உருண்டைகள் மட்டும் மிச்சம். சில பாறைகளில் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று வருவதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் தட்டிப் பாருங்கள், கழன்று நிற்கும் இடத்தில் டொக் டொக் என்று உள்ளே காலியாக இருப்பது கேட்கும். நம் முன்னோருக்கும் இது தெரிந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளுக்கு எடுத்த பலகைக் கற்களைப் பார்த்தால் பாறை எப்படிக் கழலும் என்று தெரிந்தவர்கள் எடுத்த கல் என்று புரியும்.

பாறை மேல் உட்கார இடம் பார்த்து அசையாமல் பத்து நிமிஷம் இருங்கள். முதலில் வருவது ஓணானாகத்தான் இருக்கும். வீட்டு வேலியில் இருப்பது அல்ல, பாறை ஓணான், உடம்பு தட்டையாக, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு இருக்கும். மழைக்காலத்தில் ஆண் ஓணானைப் பார்க்க வேண்டும்: தலையும் முதுகும் செங்காவி மஞ்சள், விலாப்புறம் நல்ல கறுப்பு. உயரமான கல்லின் நுனியில் ஏறி நின்று தலையைத் தலையை ஆட்டும், எதிர்க்கல்லில் இன்னொன்று பதிலுக்கு ஆட்டும், இரண்டில் ஒன்று சளைத்தால் நிறம் மங்கிவிடும். டிவியில் ஆப்பிரிக்காவைக் காட்டினால் வாயைப் பிளந்து பார்ப்போம், இது சத்துவாச்சாரியில் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை, கொண்டைக்குருவிக்குச் சொந்தம். தென்னிந்தியாவின் இந்த மாதிரிப் பாறையும் புதரும் கலந்த குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடு கிடையாது. நாம் மரமில்லை என்று கேலி செய்யும் மலைதான் அதற்கு வேண்டும், அங்கே போய் வரிசையாக யூகலிப்டஸ் நட்டால் அது காலி செய்துவிட்டுப் போய்விடும். ஜல்லிக்காக வெடி வைத்து எடுக்கப்படும் குன்றுகளைப் பற்றிப் பேசும்போது "வெறும் கல்லுதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் குருவியை ஞாபகப்படுத்துங்கள்.

படி 3: பாலாற்றைப் பாலத்திலிருந்து பார்க்காதீர்கள், இறங்கி நடங்கள்

காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே தினமும் இரண்டு வேளை பாலத்தைக் கடக்கிறோம். மணலும் முள்ளுச்செடியும்தான் தெரியும், அதனால் ஆறு செத்துவிட்டது என்று முடிவு கட்டியாகிவிட்டது. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தொடங்கி, கொஞ்ச தூரம் ஆந்திரத்தில் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் நமக்குள் நுழைகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர், அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாயலூரில் கடலில் சேர்கிறது. மேலே இரண்டு மாநிலங்களிலும் அணையும் தடுப்பணையும் கட்டிக்கொண்டதில் நமக்கு வெள்ளம் வந்தால்தான் தண்ணீர், அது உண்மை. ஆனால் இது எப்போதுமே மேலே ஓடும் காவிரி மாதிரி ஆறு அல்ல. அகலமான மணல் படுகை, அதற்கு அடியில் ஊறி மெல்ல நகரும் தண்ணீர். ஆறு என்பது அந்த மொத்தமும்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நல்ல மழை பெய்து, ஆற்றில் தண்ணீர் வந்து வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, மணல் இன்னும் மிச்சமிருக்கும் இடமாகப் பார்த்து, ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மேல்மணல் காய்ந்து பொலபொலவென்று இருக்கும். கையாலேயே முழங்கை ஆழம் தோண்டுங்கள். முதலில் மணல் நிறம் மாறும், பிறகு ஈரம், பிறகு குழியின் ஓரம் சரிய ஆரம்பிக்கும், அப்புறம் அடியில் கலங்கலாகத் தண்ணீர் கூடும். அதை இரண்டு முறை இறைத்துக் கொட்டுங்கள், மூன்றாவது முறை ஊறுவது தெளிவாக இருக்கும். இந்தத் தண்ணீரை நம்பித்தான் பாலாற்றங்கரையில் ஊர்களே உட்கார்ந்தன. ஆற்று மணலுக்குள்ளேயே சாய்வாக வாய்க்கால் வெட்டி, ஊறும் தண்ணீரைக் கரைக்கு மேலே இருக்கும் வயலுக்கும் ஏரிக்கும் கொண்டுபோனார்கள், ஊற்றுக்கால் என்று பேர். பம்பு இல்லை, கரண்ட் இல்லை, மட்டம் தெரிந்தவன் கை மட்டும்தான். மணலை லாரி லாரியாக அள்ளியதும் அந்த மட்டம் கீழே போனது, கால்வாய்கள் கரையில் தொங்கின. ஊற்றுக்கால் தூர்ந்த தடம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது, வயசானவர்களிடம் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

தண்ணீரை வாயில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு இந்த ஆற்றுக்குச் செய்தது 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பானது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்புகளில் அது முக்கியமானது, சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். நம்ம ஆறு சட்டப் புத்தகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. படுகையில் பழைய மணல் குழிகள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும், மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும், பிள்ளைகளை இறங்க விடவே விடாதீர்கள்.

இந்த ஆற்றுக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனபோது ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது. அடுத்த முறை அப்படி வரும்போது கரையிலிருந்து பாருங்கள், பாலத்தில் நிற்காதீர்கள். வெள்ளம் வடிந்தபின் காவேரிப்பாக்கம் ஏரிக்கு ஒரு நடை போய்வாருங்கள். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்பார்கள், பாலாற்றுத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிறது. நிரம்பிய வருஷம் மார்கழி, தை மாதங்களில் கரையில் நின்றால் எதிர்க்கரை சரியாகத் தெரியாது, நாரையும் கூழைக்கடாவும் வாத்துக் கூட்டமும் இறங்கிக் கிடக்கும். அப்படியே வடக்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றுக்குப் பழைய பாலாறு என்று இன்னொரு பெயரும் உண்டு. ஒரு காலத்தில் பாலாறு அந்த வழியாகப் போய்க் கடலில் சேர்ந்தது, பிறகு தெற்கே திரும்பிக்கொண்டது.

படி 4: ஜவ்வாது மலைக்கு அவசரமில்லாமல் போங்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு இது, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்று மாவட்டத்திலும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஏற மூன்று வழி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்தி, சுமார் 25 கிலோமீட்டர். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக அதே ஜமுனாமரத்தூர். முதல் தடவை போகிறவர்கள் அமிர்தியோடு தொடங்கலாம், சின்ன மிருகக்காட்சி சாலை, பக்கத்தில் ஓடை, அருவிக்குக் காட்டுக்குள் கொஞ்சம் நடை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது மலையின் வாசல்தான். அதற்கு மேலே போய் ஜமுனாமரத்தூரில் ஒரு ராத்திரி தங்கினால்தான் மலை பிடிபடும்.

போக வேண்டிய மாதம் புரட்டாசி, ஐப்பசி. சாமை விளைந்து நிற்கும். நெல் மாதிரி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி விளைவது அல்ல, மலைச்சரிவில் மழையை மட்டும் நம்பி விதைப்பது, காற்று அடிக்கும்போது சரிவு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து எழும். விதைத்து வைத்திருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள், கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக இவர்களே சொல்லும் கதை. அவர்கள் ஊருக்குள் போனால் வீட்டு வாசலில் நிற்கும் பாட்டியைக் கேட்காமல் போட்டோ எடுப்பது, கொல்லைக்குள் புகுந்து பழம் பறிப்பது, பாட்டுச் சத்தமாகப் போடுவது இதெல்லாம் வேண்டாம். "அம்மா, தேன் கிடைக்குமா, புளி இருக்கா" என்று கேட்டு வாங்குங்கள். சீத்தாப்பழம் சீசன் அதே சமயம்தான், ரோட்டோரம் கூடையில் வைத்திருப்பார்கள், டவுன் மார்க்கெட்டில் வாங்குவதற்கும் இதற்கும் ருசியில் பேச்சே இல்லை.

மரங்களில் சந்தனத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரிய மரமாக எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள், கூட்டத்தோடு கூட்டமாக, சின்ன இலையோடு, ஒரு வாசமும் இல்லாமல் நிற்கும். வாசம் வைரத்திலும், அதாவது நடுக்கட்டையிலும், வேரிலும்தான். சந்தனம் பாதி ஒட்டுண்ணி என்பது நிறைய பேருக்குத் தெரியாது. இலை பச்சையாக இருக்கிறது, தன் சாப்பாட்டைத் தானே சமைக்கும், ஆனால் தண்ணீரும் சத்தும் போதாமல் மண்ணுக்கு அடியில் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் சொருகி உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சந்தனக் கன்றைத் தனியாகத் தோட்டத்தில் நட்டால் தேறாது, பக்கத்தில் துவரையோ வேறு ஏதாவது துணைச்செடியோ வேண்டும். திருப்பத்தூரில் இருக்கும் அரசு சந்தனக் கிடங்குக்கு ஒரு காலத்தில் வியாபாரிகள் நாலா பக்கமிருந்தும் ஏலம் எடுக்க வருவார்கள், அந்த வாசமே மலையைக் காலி செய்தது. அதனால் மலையில் சந்தன மரம் எங்கே பார்த்தீர்கள் என்று இணையத்தில் எழுதாதீர்கள், இடக்குறியோடு போட்டோவும் போடாதீர்கள்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் பீமன்மடவு அருவி. மழைக்குப் பிறகு அழகு, ஆனால் மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். நீர் கலங்கத் தொடங்கினால், சருகு மிதந்து வந்தால், பேச்சே இல்லாமல் கரையேறுங்கள். காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2024ல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் உண்டு, திருப்பத்தூர் மாவட்டப் பாதைகளும் அதில் இருக்கின்றன. வழிகாட்டியாக வருபவர்கள் உள்ளூர் ஆட்கள், காசு கொடுத்தாலும் அது வீண் போகாது, கரடி போன தடத்தை நீங்கள் மிதித்துக்கொண்டு போவீர்கள், அவர்கள் நின்று காட்டுவார்கள்.

படி 5: ஏலகிரி, கொஞ்சமாக

ஏலகிரியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 14 கொண்டை ஊசி வளைவு, புங்கனூர் ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி. சனி ஞாயிறு சென்னை, பெங்களூரு கார் எல்லாம் அங்கேதான் நிற்கும், செவ்வாய் புதன் போனால் வேறு ஊர். படகை விட்டுவிட்டுக் காலையில் சுவாமிமலை உச்சிக்கு நடந்துவிடுங்கள், அதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

பாறையைப் பற்றி மேலே சொன்னேன் இல்லையா, ஏலகிரி அதில் தனி ரகம். மற்ற மலைகளைப் போல 250 கோடி வருஷத்துப் பாறை அல்ல, சயனைட் (syenite, விஷமான சயனைடு அல்ல) என்னும் பாறை, சுமார் 75 கோடி வருஷத்துக்கு முன்னால் பூமிக்கு அடியிலிருந்து உருகி ஏறி வந்து உறைந்தது. பார்வைக்குக் கிரானைட் மாதிரி இருக்கும், ஆனால் கிரானைட்டில் கண்ணாடித் துண்டு போல மின்னும் குவார்ட்ஸ் இதில் மிகக் குறைவு. மலைக்குக் கொஞ்ச தூரத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் சேவத்தூரில் இன்னும் விநோதம்: கார்பனடைட், அதாவது சுண்ணாம்புச் சத்து மிகுந்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. உலகத்தில் கொஞ்ச இடங்களில்தான் உண்டு. புவியியல் படிக்கும் மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்து ஊர்க்காரனுக்குச் செய்தியே தெரியாது.

செப்டம்பர் முதல் நவம்பருக்குள் போனால் பட்டாம்பூச்சிகளைக் கவனியுங்கள். கருப்பில் நீலப் புள்ளி போட்டவை, பழுப்பு நிறத்தவை, நூற்றுக்கணக்கில் ஒரே திசையாக மேற்கே பறக்கும். ஏலகிரி, ஜவ்வாது, ஏற்காடு போன்ற கிழக்கு மலைகளில் வளர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் கூட்டம் அது. கோடைக் கடைசியில் அங்கிருந்து இந்தப் பக்கம் வருவதும் உண்டு. ஜலகாம்பாறை அருவி ஏலகிரி மலையின் மறுபக்கத்தில், திருப்பத்தூர் வழியாகப் போக வேண்டும், மாதம் பார்த்துப் போங்கள் என்பதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதில்லை.

படி 6: ஒரு ராத்திரியைக் காவலூருக்குக் கொடுங்கள்

வடாற்காட்டின் பெரிய அதிசயம் எது என்று என்னைக் கேட்டால் மலையும் இல்லை, அருவியும் இல்லை, ஆலங்காயத்துக்கு மேலே இருக்கும் இருட்டு.

1960களில் வானியலாளர் வைணு பாப்பு தென்னாட்டில் நல்ல வானம் தேடி அலைந்து கடைசியில் பிடித்த இடம் காவலூர். ஊர் வெளிச்சம் இல்லை, மலை உயரம் சுமார் 725 மீட்டர், முக்கியமாக நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வட வானமும் தென் வானத்தின் பெரும்பகுதியும் ஒரே இடத்திலிருந்து தெரியும். 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார்கள், 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1977ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பது தெரிய வந்த அந்த ராத்திரி காவலூரும் அதைப் பதிவு செய்தது. 1986 ஜனவரியில் இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார், வைணு பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982லேயே போய்விட்டார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் இன்று அவர் பெயர்தான். 1988ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், எண் 4130. நம்ம ஜில்லாவில் இருந்துகொண்டு இதெல்லாம் நடந்திருக்கிறது, நாம் பொற்கோயிலுக்கு மட்டும் வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். நேரம், முன்பதிவு, மேகமூட்டம் இருந்தால் என்ன என்பதை எல்லாம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொலைநோக்கி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மலையில் எங்கே தங்கினாலும் கண்ணே போதும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் சும்மா இருங்கள், கண் பழக அவ்வளவு நேரம் எடுக்கும், நடுவில் ஒரு வாட்ஸ்அப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து.

தை, மாசி முன்னிரவில் தெற்கே பாருங்கள். தலைக்கு மேலே மிருகசீரிடக் கூட்டமும் சிவந்த திருவாதிரையும், அதற்குக் கீழே வானத்திலேயே பிரகாசமான சிரியஸ், இன்னும் கீழே தெற்குத் தொடுவானத்துக்கு மேலே தனியாக ஒன்று, அதுதான் அகத்திய நட்சத்திரம், பிரகாசத்தில் இரண்டாவது. டெல்லியில் அது அடிவானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், லண்டனில் பிறந்தவன் ஊரை விட்டுக் கிளம்பாமல் அதைப் பார்க்கவே முடியாது. நமக்குக் கையை நீட்டி இரண்டு முஷ்டி உயரத்துக்கு மேலேயே ஏறி நிற்கும். சித்திரை, வைகாசியில் அதே தெற்கில் தென்சிலுவை, தாழ்வாக, ஒன்றரை முஷ்டி உயரத்தில். நள்ளிரவுக்கு மேல் முழித்திருந்தால் தென்கிழக்கிலிருந்து பால்வீதி ஏறி வரும். வேலூர் மாடியில் இது எதுவும் சரியாகத் தெரியாது, ஊர் வெளிச்சம் விழுங்கிவிடும்.

படி 7: போகக் கூடாத இடங்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு மேற்குப் பக்கம், மோர்தானா அணையைத் தாண்டி ஆந்திர எல்லைக் காடு. அழகான இடம்தான், அணை வரைக்கும் பகலில் போய் வாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அங்கே யானை உண்டு. பல தலைமுறையாக யானையே இல்லாமல் இருந்த காடு, 1980களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்து தங்கிவிட்டது, அதற்காகவே ஆந்திர அரசு கௌண்டின்யா சரணாலயம் அமைத்தது. எல்லையில் இருக்கும் விவசாயிக்கு அது அதிசயம் இல்லை, ராத்திரி வாழைத்தோப்பைக் காவல் காக்க வேண்டிய வேலை. யானை பார்க்க என்று ஜீப் எடுத்துக்கொண்டு போகும் கூட்டத்தில் சேராதீர்கள்.

படி 8: எடுத்துப்போக வேண்டியது, செலவு, மற்றவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், இதில் சிக்கனம் வேண்டாம். தொப்பி, முழுக்கைச் சட்டை, பிடிமானமான செருப்பு அல்லது கேன்வாஸ். மலையில் ஏடிஎம்மை நம்பாதீர்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பல இடத்தில் கிடைக்காது. கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போனால் இலையில் கட்டுங்கள், பிளாஸ்டிக் கவரைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டில் போடும், பழி குரங்குக்கு வராது. வரும் வழியில் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்குங்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, காம்பில் முள் குத்தும், பார்த்து எடுங்கள்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. தேதி, இடம், ஆற்றில் தண்ணீர் இருந்ததா, எந்த மரம் பூத்திருந்தது, அவ்வளவு போதும். அடுத்த வருஷம் அதே வாரத்தில் அதே இடத்துக்குப் போய் எழுதியதை ஒப்பிட்டுப் பாருங்கள், புரசு இரண்டு வாரம் முன்னால் பூத்திருப்பதோ, ஊற்று இன்னும் ஒரு அடி கீழே போயிருப்பதோ அப்போதுதான் தெரியும். புதுப்புது இடமாகப் பட்டியல் போட்டு ஓடுவதை விட ஒரே குன்றுக்கு நாலு பருவமும் போவது எனக்கு மேல் என்று படும்.

வயசானவர்களைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையும் அமிர்தியும் வசதி, ஏறி இறங்கும் வேலை குறைவு. முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு வள்ளிமலை. பசங்களோடு போனால் பாலாற்று ஊற்று, அவர்கள் தோண்டுவதை நிறுத்த மாட்டார்கள். ஜமுனாமரத்தூர் போகும் பஸ் குறைவு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.